வீரமுத்துக்கு மிஞ்சுன ஒத்தச் சொல்லு

தோட்டத்து மருந்து ரூம்புல வேலைன்னா தோட்டம் பூரா நம்மகிட்ட வந்து நாக்கை நீட்டும், நாம திருப்பி நீட்டக்கூடாது. நான் நீட்டுனவன். அதனாலதான் இருவது வருசமா போத்தல் கழுவுறவனாவே இருக்கேன்.

மடுல்சீமை மலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டம். மருந்து ரூம்புக்கு டிஸ்பென்சர் ஐயா ஒருத்தரு, யாழ்ப்பாணத்துக்காரரு. அவருக்குக் கீழ நான், மாரி. பேதி உப்பு கரைக்கிறது, காய்ச்சலுக்குக் கொயினா ஊத்துறது, புண்ணு கழுவிக் கட்டுறது, நடக்க முடியாதவங்களை டோலியில போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது, எல்லாம் நான்தான். இந்த வேலையில மாட்டுனவங்க உங்கள்ல இருந்தா நான் சொல்லாமலே தெரியும்: கொயினாவை எந்தப் பக்கம் நின்னு குடுத்தாலும் நம்ம சட்டையிலதான் துப்புவாங்க.

இன்னொரு தொழிலும் எனக்கு உண்டு, சம்பளம் இல்லாதது. யாரு மாதிரி வேணும்னாலும் பேசிக் காட்டுவேன். வெள்ளைக்காரத் தொரை, அவரு நாயி, இருமுற கெழவன், யாரையும் விட்டதில்ல. அந்தத் தொழிலு என்னை எங்க கொண்டுபோயி நிறுத்துச்சுன்னுதான் சொல்ல வர்றேன்.

பெரட்டுல சிரிச்சது

எங்க கணக்கப்பிள்ளைக்கு எந்நேரமும் ஒரு கன்னத்துல வெத்தலை. வாயை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, நாக்கு பொரளாமதான் பேசுவாரு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வரிசை வீட்டு லயத்து வாசல்ல நான் அதே மாதிரி வாயைக் கோணிக்கிட்டு, “எங்கழா போன, வேழை கெழக்கு”ன்னு அவரு மாதிரி பேசுவேன். மொத ஆளாச் சிரிச்சு உருளுறவன் வீரமுத்து. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, இருவத்தி நாலு. ஒரே லயத்துல, அடுத்தடுத்த காம்பரா ரூம்புல வளந்தவங்க. அவனுக்கும் ஒருநாளாச்சும் என்னை மாதிரி செஞ்சு காட்டணும்னு ஆசை. சுட்டுப் போட்டாலும் வராது.

செருமன் சண்டை நடந்த வருசம், மார்கழிக் குளிரு. தப்பு அடிச்சதும் எல்லாரும் கம்பளியைப் போத்திக்கிட்டு பேரு கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துல நின்னோம். மேலுக்கு முடியாதவங்க யாருன்னு அங்கயே பாத்துச் சொல்ல வேண்டியது என் வேலை. கணக்கப்பிள்ளை “வீரமுத்து”ன்னு கூப்பிட்டாரு. அவன் ஒரு எட்டு முன்னால வந்தான். வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. “ழா… ழா…”ன்னான். பெரட்டே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. கணக்கப்பிள்ளை மொகத்துக்கு நேராவே அவரு மாதிரி செஞ்சு காட்டுறான்னு நெனச்சிட்டாங்க. நோயாளியைப் பாக்குறதுக்குன்னு நின்ன நானும்தான் சிரிச்சேன். எல்லாரையும் விட ஒசரமாச் சிரிச்சேன். ‘படவா, கடைசியில கத்துக்கிட்டானே’ன்னு சந்தோசம் எனக்கு.

கணக்கப்பிள்ளை ஒரு அறை விட்டாரு. அவன் சரிஞ்சு விழுந்தான், எழும்பல. அப்பவும் ரெண்டு பேரு “நல்லா நடிக்கிறான்டா”ன்னாங்க. பொம்பளைங்க வரிசையிலேருந்து அவன் பொண்டாட்டி அங்கம்மா ஓடியாந்தா. நாலு மாசம் முழுகாம இருந்தா. அவன் வலது கையைத் தூக்கிப் பாத்தா, அது தொப்புன்னு விழுந்துச்சு. என்னை நிமிந்து பாத்துச் சொன்னா:

“சிரிக்காதீங்கண்ணே. அவருக்கு நடிக்கத் தெரியாது.”

குழல் வச்சுக் கேட்டது

மருந்து ரூம்பு பெஞ்சியில படுக்க வச்சோம். வலது கையும் காலும் செத்த மாதிரி கெடக்குது, முழிச்சுத்தான் இருக்கான், பேச்சு இல்ல. வெளியில ஆளாளுக்கு ஒரு காரணம். “முனி அடிச்சிருச்சு”ன்னு ஒருத்தன். “சாராயம்”னு ஒருத்தன். “இள வயசுக்காரனுக்கு எங்கயாச்சும் வாதம் வருமா, வேலைக் கள்ளன்”னு இன்னொருத்தன்.

டிஸ்பென்சர் ஐயா மரக்குழலை அவன் நெஞ்சுல வச்சுக் காதைக் குடுத்தாரு. ரொம்ப நேரம் கேட்டாரு. பெறகு என்கிட்ட கேட்டாரு: “சின்னனிலை இவனுக்கு முட்டு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?” எனக்கு நல்லா ஞாபகம். பன்னெண்டு வயசுல ரெண்டு முழங்காலும் பூசணிக்கா மாதிரி வீங்கி, ஒரு மழைக்காலம் பூராவும் நொண்டிக்கிட்டே கெடந்தான். பின்னாலயே நொண்டிக் காட்டி லயத்தையே சிரிக்க வச்சவன் நான்தான். அதைச் சொன்னேன், நொண்டுனதை மட்டும் விட்டுட்டு. ஐயா சொன்னாரு, காய்ச்சல் முழங்காலை விட்டுருச்சு, நெஞ்சை விடலையாம். நெஞ்சுக்குள்ள இருக்குற கதவு ஒண்ணு தழும்பாகிச் சுருங்கிப்போயி, ரத்தம் தேங்கி, கட்டி தட்டி, அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மேல ஏறி மூளையில ஓடுற நரம்பை அடைச்சிருச்சாம். மலை ஏறையில அவன் மூச்சு வாங்குனதுக்கும் அதான் காரணமாம். நாங்க அதுக்கு அவனைச் சோம்பேறின்னுதான் சொல்லியிருந்தோம்.

என்னையும் குழல்ல கேக்கச் சொன்னாரு. டப்பு டப்புன்னு இல்ல. மதகு அடைச்ச தண்ணி மாதிரி ஒரு உறுமல், பெறகு ஒரு தட்டு, மறுபடி உறுமல். எனக்குப் புடிச்ச சனியன் சும்மா இருக்குமா? குழலை எடுத்ததும் என் தொண்டையில அதே மாதிரி செஞ்சு காட்டிட்டேன், அச்சு அசலா. ஐயா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு.

“உன்ரை வாயாலை வாற சத்தம் எல்லாத்துக்கும் நான் சிரிக்கிறனான் மாரி. இதை மட்டும் திரும்பச் செய்யாதை.”

வராந்தாவுல வெயில் காஞ்சவங்க

விடிஞ்சும் விடியாததுமா டோலியைத் தூக்குனோம். நாலு பேரு மாத்தி மாத்தி. பசறை வந்து சேரவே மத்தியானம் தாண்டிருச்சு. அங்கேருந்து மாட்டு வண்டி. அங்கம்மா வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே நடந்தா. ஏறிக்கன்னா ஏறல, “நான் ஏறுனா அவரு காலை நீட்ட முடியாது”ன்னா.

பதுளை ஆஸ்பத்திரியில வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல. அப்ப அதுக்கு மருந்தே கிடையாதுன்னு ஐயா மொதல்லயே சொல்லிட்டாரு. படுக்கவச்சு, கஞ்சி குடுத்து, புண்ணு வராம திருப்பிப் போட்டு, கையைக் காலை நீவி விடுவாங்க. வேற நோயாளியைத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் நான் எட்டிப் பாப்பேன். காலையில வராந்தாவுல வெயில் காய ஒக்கார வச்சிருப்பாங்க. அந்த வெயில்லதான் அங்கம்மாவுக்கு ஒரு சிநேகிதம் கெடச்சுச்சு. செல்லாயி. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம், பத்தொம்போது வயசு. புள்ளை பெத்த அஞ்சாம் நாளு மண்டை இடின்னு படுத்தவளுக்கு எந்திரிக்கையில இடது கையும் காலும் வரல. மாமியாக்காரி புள்ளையைத் தூக்கிப் புடிச்சுக்கத்தான் பால் குடுத்தா.

மாசம் ஒண்ணு ஆச்சு. செல்லாயிக்கு மொதல்ல கட்டைவெரல் அசைஞ்சுச்சு, பெறகு கை, பெறகு காலு. ஒருநா நான் போயிருந்தப்ப, அதே இடது கையில புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கெளம்பி நிக்கிறா. வீரமுத்துக்குக் காலு மட்டும் இழுத்து இழுத்து நடக்குற அளவுக்கு வந்திருந்துச்சு. கை வரல, வாயி வரல. ஏன் இவளுக்கு வந்துச்சு, இவனுக்கு வரலைன்னா யாருக்கும் பதில் தெரியல. அங்கம்மா அந்தப் புள்ளையையே பாத்துக்கிட்டு நின்னா. செல்லாயி அவ தோளைத் தொட்டுச் சொன்னா:

“என் கையும் இப்படித்தான் வாழைத்தண்டாட்டம் கெடந்துச்சுக்கா. இவருக்கும் வரும். வராட்டி என்னை மனசுல வஞ்சிராதீங்க.”

தொரை வளத்த புறா

ரெண்டு மாசத்துல தோட்டத்துக்குக் கூட்டியாந்துட்டோம். இப்ப கோடாங்கி முறை. உடுக்கையை அடிச்சுப் பாத்துட்டு, முனியும் இல்ல பேயும் இல்ல, வாதம்தான், புறா ரத்தம் சூடாத் தடவுனா மூணு தடவையில எந்திரிக்கும்னாரு. மடுல்சீமை மலையில புறாவுக்கு எங்க போறது? தொரை பங்களாவுல மட்டும்தான் இருக்கு, வெள்ளை வெள்ளையா, கூண்டு கட்டி வளக்குறாரு. டிஸ்பென்சர் ஐயாகிட்ட கேட்டேன். “ரத்தம் உள்ளுக்கை அடைச்சிருக்கு, நீ வெளியிலை பூசப் போறியோ?”ன்னாரு. வேணாம்னும் சொல்லல.

நான் தொரை மாதிரி பேசுறதுல கெட்டிக்காரன்னா, புறா மாதிரி பேசுறதுல அதைவிடக் கெட்டிக்காரன். கூண்டுக்குப் பின்னால ஒக்காந்து குக்குக்குன்னா தானா வரும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மூணு புறா. அங்கம்மா ஒவ்வொரு வெரலா நீவி நீவித் தடவுனா. கை நாறுனதுதான் மிச்சம். கறியைக் கொழம்பு வச்சுக் குடுத்தா, அது மட்டும் அவன் ஒடம்புல சேந்துச்சு. நாலாவது புறாவுக்குப் போனப்ப பங்களா சமையக்காரரு கூண்டுகிட்ட காவலுக்கு நிக்கிறாரு. மூஞ்சியைப் பாக்காம, கோழிக்குச் சோறு போடுற மாதிரி பொதுவாச் சொன்னாரு:

“பூனை கொண்டுபோயிருச்சுன்னு தொரைகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். அந்தப் பூனைகிட்ட சொல்லு, கை வந்திருச்சுன்னா நாலாவதுக்கும் அதையே சொல்றேன்.”

தொரைக்குக் கெடச்ச வாழ்த்து

ஒருநா காலையில அங்கம்மா கஞ்சியை ஊட்டுறா. வீரமுத்து வாயைத் தொறந்து, பளிச்சுன்னு, தெளிவா, பழைய கொரல்ல சொன்னான்: “சனியனே.” அவ கஞ்சிச் சட்டியைக் கீழ போட்டுட்டு என்னைக் கூப்பிட ஓடியாந்தா. பேச்சு வந்திருச்சுன்னு லயமே கூடிருச்சு. என்னைப் பாத்தான், “சனியனே”ன்னான். தண்ணி வேணுமான்னா “சனியனே.” காலு வலிக்குதான்னா “சனியனே.” சொல்லிட்டுத் தலையை ஆட்டுறான், அது இல்ல, அது இல்லன்னு. கண்ணுல தண்ணி வழியுது. வேற சொல்லே வரல. கல்யாணம் கட்டுனதுலேருந்து அவளை அவன் ஒரு சொல்லு வஞ்சதில்ல. மிஞ்சுனது இந்த ஒண்ணு.

டிஸ்பென்சர் ஐயா, இந்த நோவுல இப்படி நடக்கும்னாரு. எல்லாச் சொல்லும் உள்ள பூட்டிக்கிச்சு, ஒண்ணு மட்டும் வாசப்படியில மாட்டிக்கிச்சுன்னாரு. எங்களுக்குப் பழகிருச்சு. மொகத்தைப் பாத்து அர்த்தம் எடுத்துக்குவோம். ஆனா தொரைக்குப் பழகணுமே. அவரு கப்பல்லேருந்து எறங்கி ஆறு மாசம் ஆகல, தமிழ் தெரியாது. லயம் சுத்திப் பாக்க வந்தவரு வீரமுத்து முன்னால நின்னாரு. இவனும் மரியாதையா எந்திரிச்சு, இடது கையால சலாம் வச்சு, “சனியனே”ன்னான். தொரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி என்ன சொல்றான்னு கேட்டாரு. கணக்கப்பிள்ளை அவனை அறைஞ்ச நாள்லேருந்து அந்த லயத்துப் பக்கமே வராதவரு, அன்னைக்குத் தொரை கூட வந்திருந்தாரு. தொரைகிட்ட இங்கிலீசுல ஏதோ சொன்னாரு, தொரை சிரிச்சுக்கிட்டே தொப்பியைத் தொட்டுட்டுப் போனாரு. என்னங்க சொன்னீங்கன்னு பெறகு கேட்டேன்.

“தொரை நூறு வருசம் இருக்கணும்னு வாழ்த்துறான்னு சொன்னேன். வேற என்னத்தடா சொல்றது?”

கம்பளிக்குள்ள நின்னது

அங்கம்மாவுக்கு மாசம் ஏற ஏற மலைக்குப் போக முடியல. ரெண்டு பேருல ஒருத்தரு பேராச்சும் பெரட்டுல விழணும், இல்லாட்டி காம்பராவைக் காலி பண்ணணும். புள்ளைத்தாச்சியும் நொண்டிக் காலுமா எங்க போவாங்க? அக்கரையில இருக்குற சொந்த ஊருக்குக் கப்பல் ஏறணும்னாலும் மலையை எறங்கணுமே. நாத்து மேடையில ஒக்காந்து இடது கையால களை புடுங்குற வேலை கெடச்சுச்சு. ஆனா தொரை புதுசா ஒரு சட்டம் போட்டிருந்தாரு. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் குரல் குடுக்குறது கூடாது, அவனவன் வாயால பதில் சொன்னாத்தான் பேரு. தொரையும் வந்து நிக்கிறாரு. வீரமுத்து வாயைத் தொறந்தா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். களம் சிரிச்சாலே போதும், தொரை அர்த்தம் கேட்டுருவாரு.

மறுநா பெரட்டுல அவன் முண்டாசை வாயி வரைக்கும் சுத்திவிட்டு, அவனுக்குப் பின்னால நான் கம்பளியை மூடிக்கிட்டு நின்னேன். “வீரமுத்து.” “இருக்கேனுங்க”ன்னேன். அவன் கொரலு. நாக்கு நல்லா இருந்தப்ப அவன் எப்படிச் சொல்வானோ அப்படியே, கடைசியில கொஞ்சம் இழுத்து. முன்னால நின்னவன் முதுகு ஒரு தடவை குலுங்குச்சு. சிரிச்சானா அழுதானான்னு மொகத்தைப் பாக்காம எப்படிச் சொல்றது? கணக்கப்பிள்ளை பேரைக் குறிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. அப்படியே தெனம் தெனம். பனி எறங்குற களம், யாருக்கு யாரு மூஞ்சி தெரியுது.

மூணாவது வாரம் கணக்கப்பிள்ளை இருமல் மருந்துக்கு மருந்து ரூம்புக்கு வந்தாரு. எனக்கும் நாலு நாளா சளி, கரகரன்னு கெடக்கு தொண்டை. மருந்தை ஊத்திக் குடுத்தேன். குடிக்கல, என் பக்கம் தள்ளுனாரு.

“நீயே குடி மாரி. உனக்குச் சளி புடிச்ச அன்னைலேருந்து வீரமுத்துக்கும் தொண்டை கட்டிக்கிச்சு.”

பேரு வச்சது

பொம்பளைப் புள்ளை. தாயும் புள்ளையும் நல்லபடியாப் பொழைச்சாங்க. பதினாறாம் நாளு பேரு வைக்கணும். தகப்பன் புள்ளையை மடியில வாங்கி, காதுகிட்ட குனிஞ்சு மூணு தடவை பேரைச் சொல்லணும். மீனாட்சின்னு பேரு, நோவு வர்றதுக்கு முந்தியே அவன் சொல்லி வச்சது. மொத நாளே அங்கம்மா என்கிட்ட வந்தா. “அண்ணே, பெரட்டுல சொல்ற மாதிரி நாளைக்கும் ஒரு தடவை அவரு கொரல்ல சொல்லிருங்க. புள்ளை காதுல மொத மொத வசவு விழ வேணாம்”னா. இருவத்தி நாலு வருசத்துல என்கிட்ட யாரும் அழுதுக்கிட்டே நடிக்கக் கேட்டதில்ல.

காம்பரா நெறைஞ்ச கூட்டம். டிஸ்பென்சர் ஐயா கூட வந்திருந்தாரு, கணக்கப்பிள்ளை வாசல்ல நின்னாரு, வாயில வெத்தலை இல்லாம. வீரமுத்து சுவத்துல சாஞ்சு ஒக்காந்து, இடது கையில புள்ளையை வாங்குனான். நான் முதுகுப் பக்கமா நகந்து, மெதுவா ஆரம்பிச்சேன், அவன் கொரல்ல: “மீனா…” அவன் சட்டுன்னு திரும்புனான். கை ரெண்டு இருந்தா என் வாயைப் பொத்தியிருப்பான். இருக்குற ஒரு கையிலயும் புள்ளை. அதனால என்னைப் பாத்தான், அவ்வளவுதான். பாதிப் பேரோட நிறுத்திக்கிட்டேன்.

பெறகு குனிஞ்சான். புள்ளை காதுகிட்ட வாயை வச்சு, “சனியனே”ன்னான். ரெண்டாந் தடவை இன்னும் மெதுவா. மூணாந் தடவை எங்களுக்குக் கேக்கவே இல்ல, ஒதடு மட்டும் அசைஞ்சுச்சு. அந்த ஒத்தச் சொல்லுக்குள்ள மீனாட்சியும் இருந்துச்சு, அவ அம்மாவும் இருந்தா, எல்லாம் இருந்துச்சு. அங்கம்மா சக்கரைத் தண்ணியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா.

“பேரு வச்சாச்சு. அவரு சரியாத்தான் சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. எல்லாரும் வாங்கிக் குடிங்க.”

பழக்கத்துல கூப்பிட்டது

அஞ்சு மாசம் புள்ளையை மடியில வச்சிருந்தான். அங்கம்மா திரும்ப மலைக்குப் போக ஆரம்பிச்சா, காம்பரா தங்குச்சு. ஐப்பசி மாசம், நாத்து மேடையில ஒக்காந்திருந்தவன் அப்படியே சாஞ்சிட்டான். ரெண்டாவது ரத்தத் துணுக்கு. வரும்னு ஐயா எனக்கு முன்னாலயே சொல்லியிருந்தாரு, நான்தான் யாருக்கும் சொல்லல. இந்தத் தடவை பதுளை வரைக்கும் டோலி தேவைப்படல.

பொதைச்ச மறுநா காலையில பெரட்டு. கணக்கப்பிள்ளை பேரு கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. நாக்குப் பழக்கம், “வீரமுத்து”ன்னுட்டாரு. கம்பளிக்குள்ள எனக்கு வாயி தானாத் தொறந்துச்சு. அவன் கொரலு தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. முழுங்கிட்டேன். கணக்கப்பிள்ளை நான் நிக்கிற பக்கம் ரொம்ப நேரம் பாத்தாரு. பெறகு ஏட்டை மூடிட்டுச் சொன்னாரு:

“நல்லவேளை மாரி, நீ சொல்லல. சொல்லியிருந்தா நான் பேரைக் குறிச்சிருப்பேன்.”

தொரை, நாயி, புறா, நெஞ்சுக்குள்ள ஓடுற ரத்தம்னு எது மாதிரி வேணும்னாலும் இன்னைக்கும் செஞ்சு காட்டுவேன், ஆனா புள்ளை காதுல அவன் சொன்ன அந்த வசவை அவன் சொன்ன மாதிரி சொல்றதுக்கு மட்டும், சுட்டுப் போட்டாலும் எனக்கு வரல.